பங்காளிக் கிணறும் சிப் காப்புரிமையும்: பரஸ்பர உரிம வழக்கைப் படிக்கத் தொடங்குபவருக்கு ஒரு வழிகாட்டி

மதுரை வட்டாரத்தின் பழைய கிரயப் பத்திரம் ஒன்றைப் பிரித்துப் படித்தவர்களுக்கு, நிலத்தின் பரப்பையும் நான்குமாலையும் சொல்லி முடித்த பிறகு வருகிற ஒரு நீண்ட வாக்கியம் நினைவிருக்கும். "மேற்படி கிணற்றில் நாலில் ஒரு பங்கும், அதிலுள்ள ஐந்து எச்.பி. மின்மோட்டாரில் முறைவைத்து இறைத்துக்கொள்ளும் பாத்தியமும், வடபுறத் தடத்தில் ஆள் மாடு வண்டி போய்வரும் மாமூல் பாத்தியமும் உள்பட" என்று அது நீளும். மேலூர்ப் பக்கம் பத்திரம் எழுதிப் பிழைத்த என் தாத்தா, நிலம் யாருடையது என்று வந்த தகராறுகளைவிட இந்த வாக்கியத்துக்கு என்ன பொருள் என்று வந்த தகராறுகளே தம் காலத்தில் அதிகம் என்பார். அண்ணன் தோட்டத்தில் கிணறு இருக்கும். அதற்குப் போகும் தடம் தம்பியின் தோட்டத்துக்குள் ஓடும். ஒருவர் தண்ணீரை மறித்தால் மற்றவர் தடத்தில் முள்ளை வெட்டிப் போடுவார் என்பதால், இருவரும் ஒருவருக்கொருவர் பாத்தியம் எழுதிக் கொடுத்துவிட்டுத் தத்தம் வெள்ளாமையைப் பார்ப்பார்கள். பத்து வருடம் கழித்து ஐந்து எச்.பி. மோட்டார் பத்தாகும்போதோ, தம்பி தன் பங்கில் பாதியை வெளியூர்க்காரருக்கு விற்கும்போதோ, தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்தவர் அதே தடத்தில் டிராக்டர் ஓட்டும்போதோதான் அந்தப் பழைய வாக்கியத்தை மறுபடி எடுத்துப் படிக்க நேரும்.

கணினிச் சிப் செய்யும் நிறுவனங்கள் தங்களுக்குள் எழுதிக்கொள்ளும் பரஸ்பர உரிம ஒப்பந்தமும், தொழிலில் கிராஸ் லைசென்ஸ் என்று சொல்லப்படுவது, ஏறக்குறைய இதே வேலையைத்தான் செய்கிறது. அதிலிருந்து முளைக்கும் வழக்குகளும் பெரும்பாலும் மேலே சொன்ன மூன்று காரணங்களில் ஒன்றால்தான் முளைக்கின்றன. மின்னணுவியல் படித்துவிட்டு மதுரையிலிருந்தபடியே காப்புரிமைத் தேடல் வேலைக்கு வந்திருக்கும் இளைஞர்களும், மூத்த வழக்கறிஞரிடம் சேர்ந்து "இதைப் படித்து இரண்டு பக்கக் குறிப்பு கொடு" என்று முதன்முதலாகப் பணிக்கப்பட்டிருக்கும் ஜூனியர்களும் அப்படியொரு வழக்கை எந்த வரிசையில் படிக்க வேண்டும் என்பதையே இங்கே எழுதுகிறேன்.

முதல் படி: காப்புரிமை எதைத் தருகிறது என்பதில் தெளிவு

காப்புரிமை பெற்றவர் தம் கண்டுபிடிப்பைத் தாராளமாகச் செய்து விற்கலாம் என்று பலரும் நினைக்கிறார்கள். நம் நாட்டுக் காப்புரிமைச் சட்டம் 1970-இன் 48-ஆம் பிரிவைப் படித்தால், பிறர் தம் சம்மதமின்றி அதைச் செய்வதையும் பயன்படுத்துவதையும் விற்பதையும் இறக்குமதி செய்வதையும் தடுக்கும் உரிமையே அவருக்குக் கிடைக்கிறது என்பது தெரியும். விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகளுக்கு அந்தத் தடுப்புரிமை நிற்கும். ஒரு புராசசருக்குள் டிரான்சிஸ்டரின் அமைப்பு, உலோகத் தடங்கள், நினைவகக் கட்டுப்பாடு, புராசசர் புரிந்துகொண்டு இயங்கும் கட்டளைத் தொகுதி என்று ஆயிரக்கணக்கான காப்புரிமைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடப்பதால், எந்த ஒரு நிறுவனமும் பக்கத்து நிறுவனத்தின் வரப்பை மிதிக்காமல் ஒரு சிப்பைச் செய்து முடிக்க முடியாது. ஒப்பந்தம் தேவைப்படுவது இதனால்தான்.

இந்தப் பழக்கம் சிப்பின் பிறப்போடு பிறந்தது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் ஜாக் கில்பி 1959 பிப்ரவரியில் விண்ணப்பித்தார்; ஃபேர்சைல்டு நிறுவனத்தின் ராபர்ட் நாய்ஸ் அதே ஆண்டு ஜூலையில் விண்ணப்பித்தார். பின்னால் விண்ணப்பித்த நாய்ஸுக்கு 1961-இல் காப்புரிமை கிடைத்துவிட, முன்னால் விண்ணப்பித்த கில்பி 1964 வரை காத்திருந்தார். யார் முந்தியவர் என்ற வழக்கு மேல்முறையீட்டில் 1969-இல் நாய்ஸுக்குச் சாதகமாக முடிந்தபோது அந்தத் தீர்ப்பால் தொழிலில் பெரிய மாற்றம் எதுவும் வரவில்லை. இரு நிறுவனங்களும் 1966-லேயே ஒருவருக்கொருவர் உரிமம் கொடுத்துக்கொண்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டிருந்தன.

இரண்டாம் படி: மூல ஆவணத்தைத் தேடி எடுத்தல்

செய்தித்தாளில் வந்ததை வைத்துக் குறிப்பெழுதாதீர்கள். அமெரிக்கப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் தங்கள் முக்கிய ஒப்பந்தங்களை அந்நாட்டுப் பங்குப் பரிவர்த்தனை ஆணையத்திடம் தாக்கல் செய்கின்றன. எட்கர் என்ற அதன் தேடுதளத்தில் யாரும் கட்டணமின்றி அவற்றைப் பார்க்கலாம். இன்டெலும் ஏஎம்டியும் 2001-இல் செய்துகொண்ட ஒப்பந்தம், 2009-இல் செய்துகொண்ட சமரசம், 2011-இல் இன்டெலும் என்விடியாவும் எட்டிய உடன்பாடு ஆகியவை பற்றிய தாக்கல்கள் அங்கே கிடைக்கின்றன. தொகையும் சில நிபந்தனைகளும் நட்சத்திரக் குறிகளால் மறைக்கப்பட்டிருக்கும் என்பதால் முதன்முறை பார்க்கிறவருக்கு எரிச்சலாக இருக்கும். ஆனால் வரையறைப் பகுதி பெரும்பாலும் திறந்தே கிடக்கும், நமக்கு அதுதான் வேண்டும்.

தாக்கல்களில் திருத்த ஒப்பந்தம் ஏதும் பின்னால் இணைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க மறக்காதீர்கள். வேலைக்கு வந்த புதிதில் ஒரு நிறுவனத்துக்காக நான் எழுதிய குறிப்பு, மூன்று ஆண்டுகள் கழித்து வந்த ஒரு திருத்தத்தில் "உரிமம் பெற்ற பொருள்" என்பதன் வரையறையே மாற்றப்பட்டிருந்ததைக் கவனிக்காமல் எழுதப்பட்டது. மூன்று வாரம் உழைத்தது வீணாயிற்று. வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்காமல் மூலப் பத்திரத்தை மட்டும் நம்பி நிலம் வாங்கியவனைப் போல் ஆயிற்று என் நிலை. தாத்தா இருந்திருந்தால் சிரித்திருப்பார்.

மூன்றாம் படி: நாள்களைத் தனியே எழுதுதல்

ஒரு தாளில் மூன்று விதமான நாள்களைப் பிரித்து எழுதிக்கொள்ளுங்கள். ஒப்பந்தம் கையெழுத்தான நாளும் முடியும் நாளும் ஒரு வகை. எந்த நாள் வரை விண்ணப்பிக்கப்படும் காப்புரிமைகள் இதற்குள் அடங்கும் என்பது இரண்டாவது வகை. அப்படி அடங்கிய காப்புரிமைக்கு உரிமம் ஒப்பந்தத்தோடு முடிந்துவிடுமா, அந்தக் காப்புரிமையின் ஆயுள் முழுதும் நீடிக்குமா என்பது மூன்றாவது. இவை மூன்றும் ஒன்றே என்று எண்ணுவதுதான் புதியவர்கள் பொதுவாகச் செய்யும் பிழை. எடுத்துக்காட்டாக, பிறருக்குச் சிப் செய்து தரும் ஆலை நிறுவனங்களான டிஎஸ்எம்சியும் குளோபல்ஃபவுண்டரீஸும் 2019 அக்டோபர் இறுதியில் செய்துகொண்ட உடன்பாட்டில், அன்று இருவரிடமும் இருந்த காப்புரிமைகளும் அடுத்த பத்து ஆண்டுகளில் விண்ணப்பிக்கப்படுபவையும் அடங்கும். அவற்றுக்கான உரிமமோ அந்தந்தக் காப்புரிமையின் ஆயுள் வரைக்கும் செல்லும். ஆக, பத்து ஆண்டு ஒப்பந்தம் என்று செய்திகளில் வந்ததன் நிழல் முப்பது ஆண்டுகள் வரைகூட நீளக்கூடும்.

நான்காம் படி: வரையறைகளை வாசித்தல்

இங்கேதான் நிதானமாக நிற்க வேண்டும். வழக்கின் உயிர் பெரும்பாலும் ஒப்பந்தத்தின் முதல் சில பக்கங்களில், "இந்த ஒப்பந்தத்தில் இன்ன சொல்லுக்கு இன்ன பொருள்" என்று வரிசையாக எழுதப்பட்டிருக்கும் இடத்தில் இருக்கிறது. மூன்று சம்பவங்களைச் சொல்கிறேன். மூன்றிலும் இன்டெல் ஒரு தரப்பாக இருப்பது தற்செயலானதன்று, ஏனெனில் கட்டளைத் தொகுதி என்னும் கிணறு அவர்கள் தோட்டத்தில்தான் இருக்கிறது.

முதலாவது, ஒரே ஒரு சொல்லைப் பற்றியது. இன்டெலும் ஏஎம்டியும் 1976-இல் ஒரு பரஸ்பர உரிம ஒப்பந்தம் செய்துகொண்டன. இன்டெலின் "மைக்ரோகம்ப்யூட்டர்"களில் உள்ள மைக்ரோகோடை ஏஎம்டி நகலெடுத்துக்கொள்ளலாம் என்று அதில் ஒரு வரி இருந்தது. மைக்ரோகோடு என்பது சிப்புக்குள்ளேயே பதிந்திருக்கும் அடிமட்டக் கட்டளைகளின் தொகுப்பு. பிற்பாடு 287 என்ற கணிதத் துணைச் சிப்பை ஏஎம்டி வெளியிட்டபோது, மைக்ரோகம்ப்யூட்டர் என்ற சொல்லில் மைக்ரோபுராசசர் அடங்காது என்று இன்டெல் வழக்கிட்டது. 1992-இல் ஒரு நடுவர் குழு (ஜூரி) இன்டெல் பக்கம் சொன்னது. அந்தத் தீர்ப்பு ஒதுக்கி வைக்கப்பட்டு மறுவிசாரணை நடந்து, 1994-இல் இன்னொரு நடுவர் குழு ஏஎம்டி பக்கம் சொன்னது. அதே ஒப்பந்தத்தின் அதே சொல்லுக்கு இரண்டு குழுக்கள் இரண்டு பொருள் கண்டன. 1976-இல் அந்தச் சொல்லை எழுதியவர்களுக்கு அது பின்னாளில் எத்தனை கோடி ரூபாய் பெறும் சொல்லாகும் என்பது தெரிந்திருக்க நியாயமில்லை.

இதனுடன் 1982-ஆம் ஆண்டின் தொழில்நுட்பப் பரிமாற்ற ஒப்பந்தத்தையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. தன் தனிக்கணினிக்கு வேண்டிய சிப்பை ஒரே நிறுவனத்திடம் நம்பி வாங்க ஐபிஎம் விரும்பாததால், இரண்டாவது உற்பத்தியாளராக ஏஎம்டியை இன்டெல் சேர்த்துக்கொண்ட ஒப்பந்தம் அது. 386 சிப் வந்ததும் அதன் விவரங்களைத் தர இன்டெல் மறுத்தது. 1987-இல் தொடங்கிய மத்தியஸ்த விசாரணை 1992 வரை இழுத்து, ஏஎம்டிக்கு 1 கோடி டாலரும் வட்டியும், அதைவிட முக்கியமாகத் தன் 386 சிப்பில் உள்ள இன்டெல் உரிமைகளுக்கு ராயல்டி இல்லாத நிரந்தர உரிமமும் கிடைத்தன. மத்தியஸ்தருக்கு அப்படியொரு உரிமம் வழங்க அதிகாரம் உண்டா என்ற கேள்வி கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் வரை போய், 1994 இறுதியில் உண்டு என்று முடிந்தது. உங்கள் குறிப்பில் இந்த இரண்டையும் இரு தனி வழக்குகளாகவே எழுதுங்கள். ஒன்று நகலெடுக்கும் உரிமையின் எல்லை பற்றியது, மற்றது தருவதாகச் சொன்னதைத் தராதது பற்றியது.

இரண்டாவது சம்பவம் மோட்டார் மாறிய கதை. 2004-இல் இன்டெலும் என்விடியாவும் உரிமங்களை மாற்றிக்கொண்டன. அதன்படி இன்டெல் புராசசர்களைக் கணினியின் மற்றப் பாகங்களோடு இணைக்கும் சிப்செட்டுகளை என்விடியா செய்து விற்றது. அப்போது நினைவகக் கட்டுப்பாட்டுப் பகுதி புராசசருக்கு வெளியே, சிப்செட்டில் இருந்தது. 2008 இறுதியில் வந்த நெஹலேம் வடிவமைப்பில் அந்தப் பகுதியை இன்டெல் புராசசருக்குள்ளேயே கொண்டுபோய் வைத்தது. அப்படிப்பட்ட புராசசர்களோடு இணையும் சிப்செட்டுகளுக்குப் பழைய உரிமம் செல்லாது என்று 2009 பிப்ரவரியில் டெலவேர் நீதிமன்றத்தில் இன்டெல் வழக்குத் தொடுத்தது. இன்டெலே ஒப்பந்தத்தை மீறிவிட்டது, ஆகவே தன் காப்புரிமைகளை அது பயன்படுத்தும் உரிமையும் போகவேண்டும் என்று மார்ச்சில் என்விடியா எதிர்வழக்கிட்டது. தண்ணீரை மறித்தால் தடத்தை மறிப்பேன் என்ற அதே பேச்சு. 2011 ஜனவரி 10-இல் சமரசமாகி, ஐந்து ஆண்டுகளில் தவணைகளாக 150 கோடி டாலர் தர இன்டெல் ஒப்புக்கொண்டது. யார் வென்றார் என்று உடனே கேட்பார்கள். பணத்தை மட்டும் பார்த்தால் என்விடியா. ஆனால் எக்ஸ்86 என்ற இன்டெலின் கட்டளைத் தொகுதியில் இயங்கும் புராசசர் செய்யும் உரிமம் அந்த உடன்பாட்டிலும் அதற்குக் கிடைக்கவில்லை, சர்ச்சைக்குரிய சிப்செட் சந்தையிலிருந்தும் அது விலகிவிட்டது. ஆகவே வழக்கின் முடிவை எழுதும்போது கைமாறிய தொகையையும் கைமாறாத உரிமையையும் அடுத்தடுத்து எழுத வேண்டும் என்பதே என் பழக்கம்.

மூன்றாவது, பங்கு வெளியாளிடம் போன கதை. ஏஎம்டி தன் உற்பத்திச் சாலைகளைப் பிரித்து, அபுதாபி அரசின் முதலீட்டு நிறுவனத்தோடு கூட்டாக 2009 மார்ச்சில் குளோபல்ஃபவுண்டரீஸைத் தொடங்கியது. 2001 ஒப்பந்தத்தின் உரிமம் ஏஎம்டியின் துணை நிறுவனங்களுக்கும் நீளும். ஆனால் புதிய நிறுவனம் ஒப்பந்தத்தின் வரையறைப்படி துணை நிறுவனமே இல்லை, அதற்கு உரிமையைக் கொடுத்ததால் ஏஎம்டி ஒப்பந்தத்தை மீறிவிட்டது, 60 நாளில் சரிசெய்யாவிட்டால் உரிமத்தை முடித்துக்கொள்வோம் என்று இன்டெல் அறிவிப்பு அனுப்பியது. மீறல் எதுவும் இல்லாதபோது இப்படி அறிவிப்பு அனுப்புவதே மீறல் என்றது ஏஎம்டி. ஏற்கெனவே 2005 முதல் இருவருக்கும் இடையே சந்தை ஆதிக்கம் பற்றிய பெரிய வழக்கு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. இரண்டும் சேர்ந்து 2009 நவம்பர் 12-இல் முடிந்தன. இன்டெல் 125 கோடி டாலர் தந்தது. புதிதாக ஐந்தாண்டுப் பரஸ்பர உரிமம் எழுதப்பட்டது. அந்தப் புதிய ஒப்பந்தத்தில், இரு நிறுவனங்களில் எதன் கட்டுப்பாடு வேறு கைக்கு மாறினாலும் உரிமம் முடிந்துவிடும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். இன்டெலை யாரோ வாங்கப்போகிறார்கள் என்று வதந்தி கிளம்பும்போதெல்லாம் இந்த வரி பேசப்படுவதற்குக் காரணம் இதுதான்.

எனவே ஒரு ஒப்பந்தத்தைத் திறந்ததும் பொருளின் வரையறை, துணை நிறுவனத்தின் வரையறை, கட்டுப்பாடு மாறினால் என்ன ஆகும் என்ற பிரிவு ஆகிய மூன்றையும் உங்கள் சொந்த நடையில் தமிழில் எழுதிப் பாருங்கள். எழுத வராத இடம் எதுவோ, பெரும்பாலும் வழக்கும் அங்கேதான் கிடக்கும்.

ஐந்தாம் படி: செய்தவர் யார், விற்றவர் யார்

ஃபவுண்டரி என்றதும் நம்மூர்க்காரர்களுக்குக் கோயம்புத்தூர் இரும்பு வார்ப்படச் சாலைதான் கண்முன் வரும். சிப் தொழிலில் அது, பிறர் வடிவமைத்த சிப்பைக் கூலிக்குச் செய்து தரும் ஆலையைக் குறிக்கிறது. இந்த ஆலைக்காரர் ஏறக்குறைய நம் குத்தகைக்காரரைப் போன்றவர். உரிமம் அவரிடம் இருக்கிறது, வடிவமைத்தவரிடம் இல்லை என்றால் விற்கப்படும் சிப் உரிமம் பெற்றதா, பெறாததா?

1990-களில் சைரிக்ஸ் என்ற சிறு நிறுவனம் இந்தக் கேள்வியை வைத்தே பிழைத்தது. அதற்கு இன்டெலின் உரிமம் கிடையாது. ஆகவே இன்டெலோடு பரஸ்பர உரிமம் வைத்திருந்த ஐபிஎம் போன்றவர்களின் ஆலையில் தன் சிப்புகளைச் செய்வித்தது. உரிமம் பெற்றவர் தம் சொந்தப் பொருளைச் செய்யத்தான் உரிமம், அடுத்தவருக்குக் கூலிக்குச் செய்ய இல்லை என்று இன்டெல் வாதிட்டது. ஒப்பந்தத்தில் அப்படியொரு கட்டுப்பாடு எழுதப்படவில்லை என்பதால் 1996-இல் அமெரிக்கக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் சைரிக்ஸ் பக்கமே நின்றது. யுஎல்எஸ்ஐ என்ற இன்னொரு நிறுவனம் ஹியூலெட் பேக்கார்டு ஆலையில் செய்வித்த கணிதத் துணைச் சிப் பற்றியும் அதே நீதிமன்றம் 1993-இல் அதே திசையில் தீர்ப்பளித்திருந்தது. இந்தத் தோல்விகளுக்குப் பிறகு எழுதப்பட்ட ஒப்பந்தங்களில் ஃபவுண்டரி பற்றிய பிரிவு மிக நீளமாக இருப்பதைப் பார்ப்பீர்கள்.

இதற்கு அடுத்த வாசல், உரிமை தீர்ந்துபோதல் என்ற கோட்பாடு. காப்புரிமையாளரோ அவருடைய அனுமதி பெற்றவரோ பொருளை ஒருமுறை விற்றுவிட்டால், அந்தப் பொருளின் மீது காப்புரிமை பேச மேற்கொண்டு ஒன்றுமில்லை. எல்ஜி தன் காப்புரிமைகளை இன்டெலுக்கு உரிமமாகக் கொடுத்திருந்தது. இன்டெல் சிப்பை வாங்கி வேறு நிறுவனப் பாகங்களோடு சேர்த்துக் கணினி செய்த குவான்டா போன்றவர்கள்மீது எல்ஜி வழக்கிட்டது. அப்படிச் சேர்ப்பவருக்கு உரிமம் இல்லை என்று ஒப்பந்தத்தில் குறிப்பும் இருந்தது. இருந்தும், இன்டெலுக்கு விற்கும் உரிமை தடையின்றி இருந்ததால் விற்பனையோடு எல்ஜியின் உரிமை தீர்ந்துவிட்டது என்று 2008 ஜூன் 9-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. உங்கள் வழக்கில் பிரதிவாதி தானே சிப் செய்யாமல் வாங்கி விற்பவராக இருந்தால், முதலில் இந்தத் தீர்ப்பைப் படித்துவிடுங்கள்.

ஆறாம் படி: எதிர்த்தரப்பின் கையில் என்ன இருக்கிறது

உரிமம் இருவழியாக இருப்பதால், ஒருவர் வழக்குப் போட்டால் மற்றவர் சும்மா இருக்க மாட்டார். 2019 ஆகஸ்ட் 26-இல் குளோபல்ஃபவுண்டரீஸ் 16 காப்புரிமைகளை வைத்து அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் டிஎஸ்எம்சிமீதும் அதன் வாடிக்கையாளர்கள்மீதும் வழக்குகள் தொடுத்து, இறக்குமதித் தடை கேட்டது. செப்டம்பர் 30-இல் டிஎஸ்எம்சி 25 காப்புரிமைகளோடு திருப்பி அடித்தது; சிங்கப்பூரையும் சேர்த்துக்கொண்டது. இரண்டே மாதங்களில் சமரசம். இத்தனை விரைவாக முடிந்ததற்கு, இருவரின் ஆலைகளும் ஓடிக்கொண்டிருந்தன, தடை வந்தால் இருவருக்குமே இழப்பு என்பதைத் தவிர வேறு காரணம் தேடத் தேவையில்லை என்பது என் கருத்து.

மாறாக, தானே எதையும் செய்து விற்காமல் காப்புரிமைகளை மட்டும் வைத்திருப்பவரிடம் இந்த அச்சம் வேலை செய்யாது. தடமே தேவைப்படாதவரிடம் தடத்தை மறிப்பேன் என்று மிரட்ட முடியுமா? விஎல்எஸ்ஐ டெக்னாலஜி என்ற அப்படியொரு நிறுவனம் தொடுத்த வழக்கில், 2021 மார்ச்சில் டெக்சாஸ் நடுவர் குழு ஒன்று இன்டெல் 218 கோடி டாலர் தரவேண்டும் என்றது. 2023 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தொகையை ரத்து செய்தது. அதே தீர்ப்பில், தான் ஃபின்ஜன் என்ற வேறொரு நிறுவனத்திடம் முன்னரே பெற்ற உரிமம், அந்த நிறுவனமும் விஎல்எஸ்ஐயும் ஒரே முதலீட்டாளரின் கட்டுப்பாட்டில் வந்துவிட்டதால் இதற்கும் செல்லும் என்று வாதிட இன்டெலுக்கு வழிவிட்டது. நான்காம் படியில் பார்த்த துணை நிறுவன வரையறை இங்கே வேறொரு வாசல் வழியாக வருவதைக் கவனியுங்கள்.

இந்தப் படியில் செய்ய வேண்டியது ஒரு சிறு அட்டவணை: யார் எத்தனை காப்புரிமையை நீட்டினார்கள், எந்த நாட்டில், என்ன கேட்டார்கள், அவற்றில் எவற்றின் செல்லுபடியை எதிர்த்து மனு வந்தது. அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்திலேயே செல்லுபடியை எதிர்க்கும் நடைமுறை 2012 முதல் இருக்கிறது. வழக்கு ஆவணம் கையில் கிடைத்த ஓராண்டுக்குள் அந்த மனுவைப் போட வேண்டும் என்பதால், அந்த நாளையும் மூன்றாம் படித் தாளில் சேர்த்துவிடுங்கள்.

ஏழாம் படி: பணம்

இதை விரைவாகச் சொல்லிவிடலாம். பரஸ்பர உரிமத்தில் இருவரின் காப்புரிமைகளும் ஒரே எடையில் இருந்தால் பணம் கைமாறாது. எடை குறைந்தவர், அல்லது விற்பனை அதிகமிருந்து அதனால் அதிகம் இழக்கக்கூடியவர், வித்தியாசத்தைத் தருவார். தவணையா, மொத்தமா, வேறு சொத்தோடு கலந்ததா என்று பாருங்கள். 1997-இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தோடு நடந்த சமரசத்தில், இன்டெல் 70 கோடி டாலருக்கு அதன் சிப் ஆலையை வாங்கிக்கொண்டதும் பத்தாண்டுப் பரஸ்பர உரிமம் எழுதியதும் ஒன்றாக நடந்தன. அதில் காப்புரிமைக்கு எவ்வளவு, கட்டடத்துக்கு எவ்வளவு என்று வெளியிலிருந்து பிரிப்பது வீண் வேலை.

எட்டாம் படி: நம் நாட்டுச் சட்டத்தோடு ஒப்பிடுதல்

மேலே சொன்ன வழக்குகள் பெரும்பாலும் அமெரிக்க மண்ணில் நடந்தவை. மதுரையில் உட்கார்ந்து ஓர் இந்திய நிறுவனத்துக்கு ஒப்பந்த வரைவைப் பார்க்கிறவர் அவற்றை அப்படியே நட்டுவைக்க முடியாது. காப்புரிமை உரிமம் எழுத்தில் இருக்க வேண்டும் என்று 68-ஆம் பிரிவும், பதிவேட்டில் சேர்க்க வேண்டும் என்று 69-ஆம் பிரிவும் சொல்கின்றன. தமிழ்நாட்டுக்கான காப்புரிமை அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. 140-ஆம் பிரிவு மிக முக்கியம். உரிமம் பெற்றவர் பின்னால் செய்யும் மேம்பாட்டை உரிமம் கொடுத்தவருக்கே தனியுரிமையாகத் திருப்பித் தரவேண்டும் என்பது, காப்புரிமையின் செல்லுபடியை எதிர்க்கக் கூடாது என்பது, வேண்டாத காப்புரிமைகளையும் கட்டாயமாகச் சேர்த்துத் தலையில் கட்டுவது ஆகிய நிபந்தனைகளை அது செல்லாதவை ஆக்குகிறது. வெளிநாட்டு மாதிரிப் படிவங்களை அப்படியே நகலெடுப்பவர்கள் இந்த மூன்றில் ஒன்றையாவது சேர்த்துவிடுவதை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

மீறல் வழக்கை மாவட்ட நீதிமன்றத்துக்குக் கீழான எந்த நீதிமன்றத்திலும் தொடர முடியாது. பிரதிவாதி காப்புரிமையை ரத்து செய்யக் கோரி எதிர்வழக்கிட்டால் 104-ஆம் பிரிவின்படி இரண்டும் உயர் நீதிமன்றத்துக்குப் போய்விடும். கணினி நிரலை அதன் அளவில் மட்டும் கண்டுபிடிப்பாக ஏற்காத 3(கே) பிரிவு இருப்பதால் மைக்ரோகோடு போன்றவை இங்கே வேறு கோணத்தில் பார்க்கப்படும். சிப்பின் தள வரைபடத்துக்கு 2000-ஆம் ஆண்டின் தனிச் சட்டத்தில் பத்தாண்டுப் பாதுகாப்பு உண்டு. ஒப்பந்தத்தில் "காப்புரிமைகள்" என்று மட்டும் எழுதினால் அது அடங்காது என்பதால், வரையறையில் அதைத் தனியே சேர்க்க வேண்டுமா என்று கட்சிக்காரரிடம் கேளுங்கள்.

பயிற்சி

ஞாயிற்றுக்கிழமைகளில் என்னிடம் வந்து உட்காரும் பிள்ளைகளில் ஒருவர், "அண்ணே, நியாயம் யார் பக்கம்னு சொல்லிட்டா படிக்கிறது சுலபமா இருக்கும்ல?" என்று கேட்டார். முதல் வாசிப்பில் அந்தக் கேள்வியைத் தள்ளி வையுங்கள் என்றுதான் அவரிடம் சொன்னேன். நியாயத்தை முதலிலேயே முடிவு செய்துவிட்டவர், வரையறைப் பகுதியில் தனக்கு வேண்டிய வரிகளை மட்டும் பொறுக்குவார்.

தொடங்குவதற்கு 2009 நவம்பர் இன்டெல்–ஏஎம்டி ஒப்பந்தத்தையே எடுத்துக்கொள்ளலாம். எட்கரில் ஏஎம்டியின் அந்த மாதத்துத் தாக்கல்களைத் திறந்து, இணைப்பாக உள்ள காப்புரிமை ஒப்பந்தத்தை இறக்கிக்கொள்ளுங்கள். முதல் ஞாயிறு வரையறைகள் மட்டும். இரண்டாம் ஞாயிறு உரிமம் வழங்கும் பிரிவும் முடிவுறும் பிரிவும். ஒவ்வொரு பிரிவுக்கும் எதிரே, குளோபல்ஃபவுண்டரீஸ் தகராறு இந்த வாசகத்தின் கீழ் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒரு வரி எழுதுங்கள். நட்சத்திரக் குறி வரும் இடத்தில் ஊகத்தால் நிரப்பாமல், கோடு போட்டு அப்படியே விட்டுவிடுங்கள்.